டாக்டர் அருணாசலத்தின் காருக்குள் டீசல் இன்ஜின்

டாக்டர் அருணாசலம் பன்னிரண்டு வருடம் தன் கையால் பிரித்துக் கோத்த காரின் இன்ஜினை, அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு ஜீப்பின் டீசல் இன்ஜினை ஏற்றியிருக்கிறார்கள். அது உள்ளே அடங்கவில்லை என்பதால் முன்பக்க மூடியான பானெட்டைச் சதுரமாக வெட்டியிருக்கிறார்கள். செய்யச் சொன்னவர் அவருடைய மருமகன் செல்வராஜ். வெட்டியவர் செல்வராஜின் லாரி ஷெட் மெக்கானிக். நின்று கைதட்டியவர்கள் பெரம்பலூரின் பெரிய மனிதர்கள். நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று என்னிடம் கேட்ட குழுவினரும் அந்தக் கைதட்டலில் இருந்தார்கள். கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

அவர் இறந்த செய்தி என் மோட்டார் காயில் கட்டும் கடைக்குத்தான் வந்தது. குன்னம் பக்கத்து விவசாயி ஒருவர் கருகிய போர் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, "மாட்டு டாக்டர் போயிட்டாருங்களே, தெரியாதா? திருச்சி ஆஸ்பத்திரியில" என்றார். நான் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன். அவர் அடுத்த மூச்சிலேயே, மோட்டார் எப்போது கிடைக்கும், சோளம் காய்கிறது என்றார். அவருடைய பசுவை இரண்டு முறை பிழைக்க வைத்தவர் டாக்டர்.

மலர்களில் வழக்கமாக எழுதுவதுபோல் அவர் பழக இனியவர் என்று நான் எழுத மாட்டேன். குன்னத்தில் அரசு கால்நடை மருத்துவராக இருந்தவர், மனிதர்களிடம் பேசுவதை வீண் வேலையாகவே நினைத்தார். என்னோடு பேசியதும் சண்டைக்காகத்தான். ஆனால் சண்டையில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இந்த ஊரில் அப்படி வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

1995இல் அரியலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனார். கன்று குறுக்கே கிடந்தது. தாய்ப்பசுவைக் கட்டியிருந்தது ஒரு காரின் பம்பரில். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர் அந்த வீட்டுக்காரரிடம் விட்டுப்போன கார் அது. இங்கிலாந்தில் செய்தது, இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, பந்தயத்துக்கென்றே தரையோடு தரையாகச் செய்தது. மேலே வைக்கோல் குவிந்து கிடந்தது. தோள்வரை கையைப் பசுவுக்குள் விட்டுக்கொண்டே அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். கன்று உயிரோடு வந்ததும், உங்களுக்கு என்ன செய்வது என்று வீட்டம்மா கேட்டிருக்கிறார்.

"மாட்டை அவுத்து வேற எடத்துல கட்டுங்கம்மா. காரை நான் எடுத்துக்கறேன்."

"அதுல கோழி அடைகாக்குதுங்களே சார்."

"கோழியை நீங்களே வச்சுக்குங்க."

டிராக்டர் டிரெய்லரில் கார் பெரம்பலூர் வந்தது. அன்று சிரித்தவர்களின் பெயர்களை எழுதினால் மலரின் புரவலர் பட்டியல் முழுவதையும் எழுத வேண்டும்.

அவருக்குக் கார் வேலை தெரியாது. பழைய மெக்கானிக்குகள் இருவரை அழைத்தார். இருவரும் வந்ததும் முதலில் சுத்தியலைத்தான் எடுத்தார்கள். இருவரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, செத்த மாட்டை அறுத்துக் காரணம் பார்ப்பதுபோல இன்ஜினைத் தானே பிரித்தார். ஒவ்வொரு உறுப்பும் கழன்ற வரிசையில் தரையில் பரப்பப்பட்டது. மாட்டு ஊசியால் எண்ணெய் செலுத்தினார். இன்ஜின் முதன்முறை ஓடியபோது ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத்தான் எந்த வால்வு தட்டுகிறது என்று கண்டுபிடித்தார். "மாடு எங்க வலிக்குதுன்னு சொல்லாதுங்க ராமலிங்கம். அடிச்சாலும் சொல்லாது. தொட்டுத்தான் பாக்கணும்" என்று என்னிடம் சொல்வார். மனிதர்களை அவர் ஏன் அப்படித் தொட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, அவர்கள்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே என்றார்.

துருப்பிடித்த தகட்டில் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்தால் ஒரே வாரத்தில் பளபளக்கும் என்று லாரி பெயின்டர்கள் சொன்னார்கள். அவர் துருவை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகட்டை அளவாகத் தட்டிப் பற்றவைத்தார். பானெட்டின் வளைவு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதையும் தின்றது. விளக்கை அணைத்துவிட்டுக் கையால் தடவிப் பார்ப்பார். விரலுக்கு மேடு தட்டினால் மறுபடி தட்டுவார். இன்று சதுரமாக ஓட்டை போட்டிருப்பது அந்த பானெட்டில்தான்.

உதிரி பாகங்களுக்கு லப்பைகுடிக்காடு ஜமால் பாய் உதவினார். ஷார்ஜாவில் ஒரு கேரேஜில் இருப்பவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அத்தர் பாட்டில்களுக்கு அடியில் பிஸ்டன் ரிங்கும் கேஸ்கட்டும் வரும். "நம்ம ஊட்ல கேக்குறாங்க டாக்டர் சாப், பொட்டியில எங்களுக்கு என்னா இருக்குன்னு" என்று சொல்லிக்கொண்டேதான் எடுத்துக் கொடுப்பார். இந்தக் கதையில் சிரிக்காமல் உதவிய ஒரே ஆள் அவர். அவரை மலருக்கு எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான் இருந்தது. வக்கீலானாலும் உரக்கடைக்காரரானாலும், குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பார்கள். உலகத்தில் அழகாகச் செய்த ஒரு பொருளைப் பார்த்ததும் இவர்கள் வாயில் வருவது அதுதான். டாக்டர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "அது குடுக்காதுங்க. நாமதான் குடுக்கணும்."

என் பங்கு மின்சாரம். பெரும்பாலான வண்டிகளில் பாட்டரியின் மைனஸ் முனையைத்தான் பாடியோடு இணைப்பார்கள். அவரும் அப்படியே இணைத்து, டைனமோ கருகி என் கடைக்கு வந்தது. அதைப் பிரித்து, கம்பி போகும் வழியைப் பார்த்துப் பார்த்து, இந்தக் காரில் பிளஸ் முனைதான் பாடிக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னேன். எந்தப் படிப்பும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. தன்னிடமிருந்த ரிப்பேர் புத்தகத்தில் இல்லையே என்றார். புத்தகம் வேறு காருக்கானது என்றேன். இரண்டு மணி நேரம் கத்தினோம். கடைசியில் முனையை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். ஓடியது. "அப்ப இந்த மாட்டுக்கு இதயம் வலது பக்கம்" என்றார். மன்னிப்பும் நன்றியும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்.

கார் ஓடத் தொடங்கிய பிறகு வாலிகண்டபுரம்வரை போய் வருவார். சில நாள் என்னையும் அழைப்பார். போகும்போதும் வரும்போதும் பேச மாட்டார்.

டீசல் யோசனை அவர் உயிரோடு இருக்கும்போதே வந்ததுதான். செல்வராஜ் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருப்பவர். நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார்.

"மாமா, ஷெட்டுல ஜீப் இன்ஜின் ஒண்ணு சும்மா கெடக்கு. போட்டுட்டா கண்ணை மூடிக்கிட்டு ஓடும்."

"கண்ணை மூடிக்கிட்டு ஓட்டவா மாப்ள நான் இவ்வளவு வருசம் கண்ணு முழிச்சேன்?"

ஆகவே தெரியாமல் செய்துவிட்டோம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நடந்தது இது. படத்திறப்பு ஊர்வலத்தில் அவருடைய காரிலேயே அவர் படத்தை வைத்து ஓட்டிவர வேண்டும் என்று பெரிய மனிதர்கள் விரும்பினார்கள். டாக்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கழற்றி வைத்திருந்த பாட்டரியை லாரி மெக்கானிக் லாரிக்கு மாட்டுவதுபோலவே, மைனஸைப் பாடியோடு இணைத்து மாட்டினார். சாவியைத் திருப்பினார். டைனமோவிலிருந்து புகை வந்தது. இன்ஜின் போய்விட்டது என்று அறிவித்தார். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கடை அங்கிருந்து கூப்பிடு தூரம். வசந்தி, டாக்டரின் மகள், என்னை அழைக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். "அந்த ஆளு வந்தா ஓட்ட விட மாட்டான், பேசியே கொல்லுவான்" என்றிருக்கிறார் செல்வராஜ். பிறகு அவளே என்னிடம் அழுதுகொண்டு, "நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும் பெரியப்பா" என்றாள். ஆமாம், சொல்லியிருக்க வேண்டும்.

ஊர்வலத்தை நான் பஸ் நிலையத்தருகே நின்று பார்த்தேன். கார் கரும்புகை கக்கிக்கொண்டு, கதிரடிக்கும் மெஷின்போல அதிர்ந்துகொண்டு வந்தது. அதிர்வில் படம் சாய்ந்து சாய்ந்து விழ, ஒருவர் சீட்டில் மண்டியிட்டு அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் என்னிடம், "இப்பத்தாங்க வண்டி மாதிரி இருக்கு. டீசல்ல நல்லா குடுக்குமாம்" என்றார். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே ஒரு சாவு விழுந்திருக்கும்.

மறுநாள் இரும்புக் கடைக்குப் போனேன். போர் குழாய்களுக்கு நடுவே இன்ஜின் கவிழ்ந்து கிடந்தது. இதுவரை உடையவில்லை. கோயம்புத்தூருக்கு அடுத்த லோடு ஏறும்போது சம்மட்டியால் உடைத்துத்தான் ஏற்றுவார்கள். பிறகு அது உருக்கிய இரும்பு. அதுவரை வைத்திருப்பதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மலர் அச்சாகி வரும்வரை லோடு காத்திருக்காது. அதனால் இதை நகலெடுத்து, பெயர் வந்தவர்கள் எல்லோர் வீட்டிலும் இன்றே கொடுக்கிறேன்.

செல்வராஜ் நாளைக் காலை கடை திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். எடைக்குப் போட்டதை எடைக்கே வாங்கி, தன் லாரியிலேயே, மணல் பரப்பி, அதன்மேல் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவர வேண்டும். மெக்கானிக் டீசல் இன்ஜினை இறக்க வேண்டும். வெட்டிய தகட்டை எங்கே போட்டிருந்தாலும் தேடியெடுத்துத் தர வேண்டும். அதற்கு மேல் காரின்மீது கை வைக்கக் கூடாது. வசந்தி கார் நிற்கும் ஷெட்டின் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் கொடுக்காமல் இருக்க வேண்டும். இந்த முறை அழுத்தமாக. ஜமால் பாய் அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு கேஸ்கட் செட் கொண்டுவர வேண்டும். கவிழ்ந்து கிடந்த இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் ஓட்ட முடியாது. டைனமோவுக்குக் காயில் நான் கட்டுகிறேன். மலர்க் குழுவினர் "அவர் நேசித்த கார் இன்றும் சீறிப் பாய்கிறது" என்று எழுதி வைத்திருக்கும் வரியை அடித்து நீக்க வேண்டும். பெரிய மனிதர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தால் போதும்.

அந்தக் காரின் நட்டுகள் எல்லாம் இன்ச் கணக்கு. இங்கே கடையில் கிடைக்கும் ஸ்பேனரைப் போட்டால் தலை மழுங்கிவிடும். திருச்சிக்குப் புறப்பட்ட அன்று டாக்டர் தன்னுடைய இன்ச் ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியில் சுற்றி என் கடையில் வைத்துவிட்டுப் போனார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். வேலை தொடங்கும் அன்று செல்வராஜ் வந்து வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பேன். உட்காரச் சொல்ல மாட்டேன்.