அசையாத குழந்தையின் நாடித்துடிப்பு

1996 ஜூலை 9, செவ்வாய். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், காலை ஏழரைக்கு நர்ஸாகப் பொறுப்பேற்றேன். கை கழுவினேன். வென்டிலேட்டரின் அளவுகளைக் குறித்தேன். எட்டு மணி முதல் இரண்டு மணிக்கொரு முறை மூச்சுக்குழாயில் சளி உறிஞ்சினேன். குறைமாதத்தில் பிறந்து ஐந்து நாளான ஆண் குழந்தை அது. மூச்சு இயந்திரத்தோடு போராடாமலிருக்க, உடலை அசையவிடாத மருந்து கொடுத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் சார்ட்டில் ஒரே சொல்லை, ஒரே அளவு எழுத்தில் எழுதினேன்: ‘அமைதி’.

குழந்தையின் அம்மா பொம்மசந்திராவில் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். பிரசவ வார்டிலிருந்து மெல்ல நடந்து வந்து ஸ்டூலில் உட்காருவார். மற்ற அம்மாக்கள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் மானிட்டரைப் பார்த்தார். அன்று மூன்று மணிக்கு, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் வரிசையாக எழுதிய எண்களை என்னிடம் நீட்டினார்.

“நீங்க தொடறதுக்கு முன்னாடி நூத்தி நாப்பத்தெட்டு. குழாய் விட்டப்ப நூத்தி எம்பத்தாறு. நாலு வாட்டியும் இப்படித்தான் சிஸ்டர்.”

“அசையவே இல்லியேம்மா. நல்லா தூங்குது.”

“தூங்கற புள்ளைக்கு நாடி எதுக்கு எகிறுது? எங்க மோட்டாரும் வாய் தொறந்து சொல்லாது. மீட்டர்தான் சொல்லும்.” பிறகு சார்ட்டை எட்டிப் பார்த்து, “கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு” என்றார்.

கோபம் வந்தது. ஆனால் சார்ட்டிலும் அதே எண்கள்தான் இருந்தன. நானே எழுதியவை. அசைவை நிறுத்தும் மருந்து வலியை நிறுத்தாது என்பது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

சீட்டை எங்கள் பிரிவின் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை இருமுறை படித்தார். “ஹௌது, ஆமா சிஸ்டர், வலிக்குது. சொல்ல முடியாம பண்ணி வச்சிருக்கோம்” என்றார். அன்று மாலையே வலிமருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. மணி பார்த்துச் சளி எடுப்பது நின்றது. தேவைப்பட்டால் மட்டும் எடுத்தோம். மணி தவறாத எனக்கு அது சிரமமாகத்தான் இருந்தது. இன்று வலியை மதிப்பிட ஒவ்வொரு படுக்கைக்கும் தனித்தாள் இருக்கிறது. அன்று எங்களிடம் இருந்தது, மீட்டரைப் பார்த்துக் குறிக்கும் ஒரு தொழிலாளிப் பெண்ணின் பழக்கம்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அவரை முழங்கை வரை கைகழுவச் சொன்னேன். ஒரு உள்ளங்கையைக் குழந்தையின் தலைமேலும், மற்றதை மடங்கிய கால்கள்மேலும் வைக்கச் சொன்னேன். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வந்தவரிடம், “கொஞ்சம் இருங்க” என்றேன். மூவரும் மானிட்டரைப் பார்த்தோம். எண் சற்று ஏறியது, பிறகு மெல்ல இறங்கி, நூற்று நாற்பத்தாறில் நின்றது.

“இப்ப எடுங்க” என்றார் அம்மா.