லிஃப்ட் குழியில் ஒரு வெள்ளித் தளபதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் அடித்தளத்துச் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்தோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. மூலை சரியாக வரவில்லை, இன்னொரு தடவை உதறு என்றார். உதறினேன். தன் முனையை என் கையில் கொடுத்தபோது, "வியாழக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் வர்றானாம். மறக்காம நிக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வழியில், ஷெர்போர்ன் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டில் இறந்துபோனார். இதயம். வயது ஐம்பத்தாறு.

பெயர் மோகனசுந்தரம். திருச்சியிலிருந்து வந்து டொராண்டோவில் ஒரு உலோகப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். உடைந்த அச்சு, வெடித்த குழாய், எது வந்தாலும் ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக்கிடம் அவருக்கு என்ன வேலை என்று சொல்ல, பதினான்காம் மாடி ஓகாபேயிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஓகாபே, மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த ஜப்பானியர். போன குளிர்காலத்தில், துவைக்கும் இயந்திரம் சுற்றி முடியும்வரை, சலவை அறையில் சின்னப் பலகையொன்றை மடியில் வைத்துத் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். அப்பா சும்மா இருக்கமாட்டார். செஸ்ஸா என்று கேட்டார். ஷோகி என்றார் அவர். செஸ்ஸுக்கு உறவு, ஆனால் இரு பக்கமும் ஒரே நிறம். ஆப்பு வடிவ மரத்துண்டுகள். கூர்முனை பார்க்கும் திசையை வைத்துத்தான் யாருடைய காய் என்று தெரியும். வெட்டிய காயைத் திருப்பி வைத்தால் அது வெட்டியவர் படையில் சேர்ந்துவிடும்.

அப்பா வீட்டுக்கு வந்து, "சாந்தா, அந்த மனுஷனுக்கு வெளையாடுறதுதான் உத்தியோகமாம். சம்பளம் குடுத்திருக்காங்க" என்றார்.

"அடுப்படியில நிக்கிறதுக்கும் யாராவது குடுப்பாங்களான்னு கேட்டுட்டு வாங்க" என்றாள் அம்மா.

அதன்பின் சனிக்கிழமைகளில் மேலே போனார். ஓகாபே தன் காய்களில் ஆறை எடுத்துவிட்டுத்தான் ஆடுவார். அப்பா அப்போதும் தோற்பார். ஆடுவதைவிடக் கேட்பதில்தான் அவருக்கு ஆர்வம். பதின்மூன்று வயதில் ஓகாபே ஒரு மூத்த ஆட்டக்காரர் வீட்டில் சேர்ந்து தரை துடைத்தார். குரு அவருடன் ஆடியது ஒரே ஒரு முறை. குறித்த வயதுக்குள் நான்காம் நிலையை எட்டினால்தான் தொழில்முறை ஆட்டக்காரர், இல்லையென்றால் வெளியே. எட்டினார். அன்று குரு தன் காய்ப்பெட்டியைக் கொடுத்தார். பிறகு வருஷா வருஷம் போட்டி. ஜெயித்தால் மேல் வகுப்பு, தோற்றால் கீழ். இரண்டு வகுப்பு ஏறினார், நின்றார், இறங்கினார். கடைசி வகுப்பில் இருப்பதா போவதா என்பதை முடிவுசெய்த ஆட்டத்திலும் தோற்றார். தொழிலை விட்டார்.

ஷோகியில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் தலைவணங்கி, தோற்றேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். உடனே இருவரும் சேர்ந்து, எங்கே தவறு நடந்தது என்று ஆட்டத்தை நகர்த்திப் பார்க்க வேண்டும். கடைசி ஆட்டத்தில் ஓகாபே வணங்கினார், சொன்னார், எழுந்து போய்விட்டார். எதிரே இருந்த இளைஞன் காத்துக்கொண்டே இருந்தானாம்.

அப்பாவால் இதைத் தாங்க முடியவில்லை. "ஒடைஞ்சது ஏன்னு யாரும் பாக்கவே இல்ல. அதெப்படி விடுறது?" என்று எங்களிடம் புலம்பினார். நகர்வுகள் எல்லாம் நினைவிருக்கின்றன, பார்க்க விருப்பமில்லை என்றார் ஓகாபே. அப்பா மாதக்கணக்கில் நச்சரித்தார். ஜூனில் ஒரு சனிக்கிழமை ஓகாபே குருவின் காய்ப்பெட்டியைத் திறந்து, அந்தக் கடைசி ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்தத் தொடங்கினார்.

பாதி ஆட்டம் வந்தபோது மகளுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார் அப்பா. ஓகாபே காய்களைப் பெட்டியில் போடப் போனார். திரும்ப அடுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அப்பா தடுத்தார். உடைந்ததை இருந்த நிலையிலேயே கொண்டுவர வேண்டும், அது பரிசோதனைக்கூடத்துப் பழக்கம். பலகையைத் தாம்பாளம் போல ஏந்தி லிஃப்டில் இறங்கினார். எங்கள் மாடியில் வெளியே வரும்போது கால் தடுக்கியது. ஒரே ஒரு காய், வெள்ளித் தளபதி என்று பெயர், சறுக்கி லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் விழுந்தது.

அட்டையில் ஒன்று வெட்டித் தருகிறேன் என்றார் அப்பா. ஓகாபே வணங்கிவிட்டு மேலே போய்விட்டார். பலகை எங்கள் கூடத்திலேயே தங்கியது.

"மறுபடியும் எந்திரிச்சுப் போயிட்டாரு பாத்தியா?" என்றார் அப்பா என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே கட்டட மேற்பார்வையாளரின் கதவைத் தட்டினார். குழிக்குள் மெக்கானிக் மட்டும்தான் இறங்கலாம், அடுத்த வாரம் வியாழக்கிழமை அவன் வரும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை நாங்கள் தகனக்கூடத்தில் இருந்தோம். ஓகாபே பின்வரிசையில் நின்றார். மெக்கானிக் வந்து எண்ணெய் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

நான் கட்டுமானப் பொறியாளர். இடுக்கை அளந்து பார்த்தேன். படுத்தவாக்கில் போயிருந்தால் காய் சிக்கி நின்றிருக்கும். விளிம்பு கீழாகத்தான் விழுந்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து ஓகாபே கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கூடத்துப் பலகையைப் பார்த்தார்.

"கலைக்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்றேன். அம்மா அதைச் சுற்றித்தான் தூசி தட்டுகிறாள்.

"லிஃப்ட் ஆள் மறுபடி எப்போது வருவார்?"

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கீழே போய்க் கேட்டேன். செப்டம்பரில்தானாம். காய் இன்னும் குழியில் கிடக்கிறது.