அடுப்படிச் சுவருக்கு ஆறு நாள்

"நாலு நாள் ஆகும் தாயி" என்றார் டைல்ஸ்காரர்.

எங்கள் சமையல் மேடைக்கு மேலே இருந்த சுவர் இரண்டு கைகளையும் விரித்தால் அடங்கிவிடும் நீளம்தான். ஜன்னல் பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் போகும். உயரமும் நாலு வரிசைக்கு மேல் வராது. இதற்கு நாலு நாளா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் திங்கட்கிழமை ஆரம்பித்தால் வியாழக்கிழமை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாத்தனாருக்கு வளைகாப்பு. சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களில் எழுத்துப் பிழையும் நிறமும் பார்த்துச் சொல்கிற வேலை. ஆவணி மாதம், சீசன் உச்சத்தில் இருந்தது. காலை எட்டரைக்கு அங்கே இருந்தாக வேண்டும். அடுப்பைத் தூக்கிப் பின்வாசலில் வைத்துவிட்டு, காற்றில் அணைந்து அணைந்து எரிகிற தீயில் சோறு பொங்கிவிட்டுப் போவேன். வீடு முழுக்கச் சிமெண்ட் தூசி. மடித்து வைத்த துணியிலும் தூசி, குடிக்கிற தண்ணீரிலும் தூசி.

டைல்ஸ்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மொபெட்டில் வருவார். முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கியவர் என்று என் கணவர் சொல்லியிருந்தார். வலது கை விரல்களில் தோல் மெழுகு போல இழுத்துக்கொண்டு மினுங்கியது. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட கைகள் புதிதல்ல. நான் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் பழைய பூச்சைக் கொத்தினார். இரண்டாம் நாள் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது என்று சொல்லி மறுபடி பூசினார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது ஒரே ஒரு வரிசை ஏறியிருந்தது. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்று பார்த்தேன். ஒரு டைலை ஒட்டினார். ரசமட்டத்தை வைத்து மட்டம் சரியா என்று பார்த்தார். பிறகு விரலை மடக்கி, மணிக்கட்டின் உள்பக்கத்தால் இரண்டு டைல்கள் சேரும் இடத்தை மெல்லத் தடவினார். திருப்தி இல்லை. கழற்றினார், வழித்தார், மறுபடி ஒட்டினார், மறுபடி தடவினார். ஏதோ குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, இப்படித் தடவிக்கிட்டே இருந்தா எப்ப முடியும்? ஞாயித்துக்கிழமை வீட்ல அம்பது பேருக்குச் சமையல்."

"முடிச்சிருவோம் தாயி. இந்தத் திராட்சைப் படம் ரெண்டு டைல்ல பாதி பாதியா வருதுல்ல, அது மட்டும் கோடு தப்பாம உக்காரணும்."

சாயங்காலம் இரண்டாவது வரிசை முடிந்தது. பாதிச் சுவர். அன்றுதான் அவரிடம் ஒரு பொய் சொன்னேன்.

"அண்ணே, டைல்ஸ் பத்தாது போலருக்கு. வீட்டுக்காரக வாங்கிட்டு வரட்டும். விசேஷம் முடிஞ்சதும் சொல்லி விடுறேன், வந்து மிச்சத்தப் பாருங்க."

ஒரு பெட்டி நிறைய டைல்ஸ் கட்டிலுக்கு அடியில் இருந்தது. முதல் நாளே அதைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னவரே அவர்தான். அதை நான் மறந்துபோயிருந்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரி தாயி" என்று சொல்லிவிட்டுப் பூச்சுக் கரண்டியைக் கழுவினார்.

என் கணவர் அன்றைக்கே வேறு ஆளுக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் புதிய ஆள் வந்தார். சளசளவென்று பேசிக்கொண்டே வேலை பார்க்கிறவர். நான் காபி போட்டு முடிப்பதற்குள் நாலு டைல்களை ஒட்டியிருந்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

எட்டு மணிக்கு வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. பழையவர் உள்ளே வந்தார். காலி சிலிண்டருக்குப் பின்னால் ரசமட்டத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நான் கையில் டம்ளருடன் அப்படியே நின்றேன். திறந்த பெட்டி நடுக்கூடத்தில் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார், குனிந்து ரசமட்டத்தை எடுத்தார். தன்னுடைய இரண்டு வரிசைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த மூன்றாவது வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புது ஆள் பேச்சை நிறுத்திவிட்டார்.

"அந்தச் சுவிட்சு போர்டுக்குக் கீழ சாத்தி வச்சிருக்கேன் பாரு, அந்த டைல்ல ஒரு கீறல் இருக்கு. முழுசா ஒட்டிராத. வெட்டுறதுக்குன்னு எடுத்து வச்சது" என்றார் புதியவரிடம்.

பிறகு என்னிடம், "வாரேன் தாயி" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அவர் போனதும் புது ஆள் சொன்னார்: "நாங்க ஒண்ணா வேலை பாத்திருக்கோம்க்கா. அண்ணனுக்கு விரல்ல உணர்ச்சியே கிடையாது, வெந்துபோன கை. அதான் மணிக்கட்டால தடவித் தடவி மட்டம் பாப்பாரு. நமக்கு விரல் வச்சாலே தெரிஞ்சிரும்."

சனிக்கிழமை மாலை சுவர் முடிந்தது. ஆக மொத்தம் ஆறு நாள். மேல் வரிசைகள் கோணியிருக்கும், பிறகு உதிரும், கீழ் வரிசைகள்தான் நிற்கும் என்று யாராவது எதிர்பார்த்தால் அப்படி எதுவும் நடக்கவில்லை. நாலு வரிசையும் ஒன்று போலத்தான் இருந்தன. இத்தனை வருடத்தில் ஒரு டைல்கூடப் பெயரவில்லை.

வளைகாப்பு அன்று வந்தவர்கள் எல்லோரும் அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தார். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். அப்போது மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா வந்திருக்கேம்மா. முத நாள் ஒருத்தர் வந்தாரே, அவரா செஞ்சாரு? எங்க மாடியில ரெண்டு பாத்ரூமு, ஒரு அடுப்படி இருக்கு. அவரத்தான் கேக்கலாம்னு இருந்தோம்."

ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஏன் ஆள் மாற்றினேன் என்று விளக்க வேண்டுமே என்ற பதற்றமோ, வெள்ளிக்கிழமைக் காலையிலிருந்து நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்ததை மறைக்கிற அவசரமோ, என் வாயில் வந்தது இதுதான்: "அவரு சரிப்பட மாட்டாருக்கா. பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. பெறகு வேற ஆளு வச்சு முடிச்சோம்."

சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

மாடி வேலை புதிய ஆளுக்குப் போயிற்று.

அடுத்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு நாள், லேபிள் மாதிரிகளைக் காட்டுவதற்காக நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. இறங்கியவர்களில் அவரும் ஒருவர். முழங்கை வரை பட்டாசுக்குக் கலக்கும் வெள்ளி மருந்து அப்பியிருந்தது. புருவத்திலும் மினுங்கியது. ஒளிந்துகொள்ள நினைத்தேன். அவரே பார்த்துவிட்டார்.

"என்ன தாயி, நல்லாருக்கீகளா? வளைகாப்பு போட்ட பிள்ளைக்கு என்ன கொழந்த?"

"பையன்ணே. நீங்க ஏன் திரும்பவும் இங்க?"

"வேலை வரத்து கொறஞ்சு போச்சு. எவனோ, பாதியில விட்டுட்டுப் போற ஆளுன்னு பேரக் கட்டி விட்டுட்டான். அங்கன இங்கன கேட்டுப் பாத்தேன். ஒண்ணும் தெகயல. சரின்னு இங்கேயே வந்துட்டேன்."

எவனோ என்றுதான் சொன்னார். என்னை நினைத்துக் குத்திக் காட்டவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

எங்கள் ஊரில் தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் மாடிக்கு ஏறுவார்கள், எந்தத் திசையில் புகை என்று பார்க்க. அதுவரை நான் ஏறியதில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் கம்பெனிக்குப் போகிறவர்கள் இல்லை. அதற்குப் பிறகு ஏற ஆரம்பித்தேன். சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் நாரணாபுரம் திசையில் புகை எழுந்தது. அச்சகத்து மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது வேறு கம்பெனி என்று தகவல் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அங்கே யாரோ இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அன்று சாயங்காலம் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், நடந்ததை எல்லாம் அக்காவிடம் சொன்னேன்.

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? ஒரு மனுசன் பொழப்புல்ல? நானும் அத நாலு பேருகிட்டச் சொல்லி வச்சிருக்கேனே" என்றார். கீரையை ஒதுக்கி வைத்தார். பிறகு, விருதுநகரில் தன் தம்பி வீடு கட்டுவதாகவும், சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் டைல்ஸ்காரர் ஊருக்குப் போனோம். வேப்ப மரத்தடியில் மொபெட்டைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்காமலே சொல்லி முடித்தேன். டைல்ஸ் பத்தாது என்றது பொய், பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று சொன்னதும் நான்தான்.

அவர் துணியில் கையைத் துடைத்தார்.

"பெட்டி கட்டிலுக்கு அடியில இருந்தது தெரியும் தாயி. அது பரவாயில்ல, விசேஷ வீடு, அவசரம் இருக்கும். மத்தது நீங்கன்னு இப்பத்தான் தெரியும்."

அவர் மனைவி வீட்டுக்குள் போய்விட்டார். என் பாரத்தை இறக்கிவைக்கத்தான் இத்தனை தூரம் வந்தேனோ, அதை அப்படியே அவர் தலையில் வைத்துவிட்டேனோ என்று தோன்றியது. டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. என் கணவர்தான் விருதுநகர் வேலையைப் பற்றிச் சொன்னார்.

"எம்புட்டு நாள் குடுப்பாக?" என்று டைல்ஸ்காரர் கேட்டார்.

"நீங்க கேக்குற நாளு" என்றேன்.

அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அது முடிந்து, அதே தெருவில் இன்னொரு வீடும் கிடைத்து, கம்பெனியிலிருந்து நின்றுவிட்டார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இரண்டு வருடம் கழித்து எங்கள் பாத்ரூமுக்கு டைல்ஸ் போட வேண்டியிருந்தது. எத்தனை நாள் ஆனாலும் சரி, அவரே வரட்டும் என்று ஆள் மூலமாகச் சொல்லி விட்டேன். விருதுநகரில் வேலை அதிகமாக இருக்கிறது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.