முந்நூற்று அறுபத்தைந்து படி

இரண்டு ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு இடம் மாற்றிக்கொள்வதை மனமொத்த மாறுதல் என்போம். எனக்குக் கையில் வந்த அப்படி ஒரு மாறுதலை நானே வாயைவிட்டுக் கெடுத்துக்கொண்டேன். கலந்தாய்வுக்குப் போகிற இளம் ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

அப்போது திருத்தணியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். கணவருக்கு அம்பத்தூரில் லேத் வேலை. விடிவதற்கு முன் ரயில் ஏறுவார். திரும்பி வருவதற்குள் மகள் தூங்கியிருப்பாள். அம்பத்தூரில் இருந்த ஓர் ஆசிரியர் என் இடத்துக்கு வரத் தயார் என்றார். நான் சரி என்றால் போதும். அந்த ஒரு வார்த்தை மூன்று மாதமாக எனக்கு வரவில்லை.

அடிப்படைச் சம்பளம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சென்னைப் பக்கம் வீட்டு வாடகைப்படி கூட வரும். வாடகை அதைவிடக் கூட. இங்கே காய்கறி மலிவு. அங்கே போனால் சீசன் டிக்கெட் மிச்சம். தண்ணீர் கேன், டியூஷன், ஷேர் ஆட்டோ என்று நோட்டில் எழுதிப் பார்த்தால் ஒரு நாள் அம்பத்தூர் ஜெயிக்கும், மறுநாள் திருத்தணி. எட்டாம் வகுப்புக்கு லாப நட்டம் நடத்துகிறவளுக்கு இது வெட்கக்கேடு! திருப்பதியில் வாத்தியாராக இருந்த அக்கா வீட்டுக்காரரை, எங்கள் பாவாவைக் கேட்டேன்.

"எங்க ஆந்திரா சம்பளமே வேற கணக்கும்மா. நீ இங்க பொறந்திருக்கணும்" என்றார் பாவா. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஒரு நாள் அம்பத்தூர் ஆசிரியர் போன் செய்தார். திருத்தணிக்கு வந்தால் மாதாமாதம் முருகனைப் பார்க்கலாம் என்று சந்தோஷமாகப் பேசிவிட்டு, "ஆமா மேடம், உங்க ஊர்ல படி எவ்வளவு?" என்றார்.

"முந்நூத்தி அறுபத்தஞ்சுங்க."

"அவ்ளோதானா?"

"ஆங், அவ்ளோதாங்க. பழகிட்டா ஒண்ணும் தெரியாது. முட்டி வலி இருக்கறவங்கதான் கஷ்டப்படுவாங்க."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது: "365 ரூபாய் வாடகைப்படியில் குடும்பம் நடத்த முடியாது மேடம். வேறு ஒருவருடன் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மன்னிக்கவும்."

ஐயோ! அவர் கேட்டது சம்பளப் படி. நான் சொன்னது முருகன் கோயில் மலைப் படி.

ஞாயிற்றுக்கிழமை கணவர் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அழுதுகொண்டே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மூணு மாசமா ஊரையே கேட்டுகினு இருந்தியே, என்னை ஒரு வார்த்த கேட்டியா? தினம் அஞ்சு மணி நேரம் எனக்கு ரயில்லயே போவுது. அத எந்தப் படில சேப்ப?"

அடுத்த கலந்தாய்வில் ஆவடியில் ஓர் இடம் காலியாக இருந்தது. நோட்டைத் திறக்காமலே எடுத்துக்கொண்டேன். அதில் லாபமா நட்டமா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். ஊர் மாறப் போகிறவர்கள் சம்பளத்தை ஒப்பிடுவதற்கு முன் வீட்டில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆவடிக்குப் போன முதல் வாரம், சாயங்காலம் ஆறரைக்கு அவர் கதவைத் தட்டினார். மகள்தான் திறந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நைனா, வேலை போயிடுச்சா?"