குற்றமே நடக்காத ஊரின் பஸ் ஸ்டாப்

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன். வேலை பார்த்த கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, கரண்ட் போன வீடு என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளைப் பார்த்தது காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. ஜன்னலுக்கு வெளியே வெயில் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

என் பெயர் சந்திரகலா. சொந்த ஊர் மதுரை. துபாயில் கராமாவில் கணவர் சிவசங்கரன், ஆறு வயது மகள் தாரிணியோடு இருக்கிறேன். அப்போது எனக்குத் துறைமுகப் பகுதியான ஜெபல் அலியில் வேலை. இங்கிலாந்தில் உள்ள சில சின்ன ஊர்களின் தெருக் கேமராக்களை இங்கே உட்கார்ந்துகொண்டு பார்க்க வேண்டும். அங்கேயே ராத்திரிக்கு ஆள் போட்டால் சம்பளம் அதிகம் என்பதால் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே விடிகாலை இரண்டு. இரண்டிலிருந்து பத்து வரை என் டியூட்டி.

எனக்குக் கிடைத்த ஊரை ஆஷ்மியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு தேவாலயம், ஒரு ஆறு, பதினான்கு கேமரா. அந்த மாவட்டத்திலேயே குற்றம் குறைந்த ஊர் அதுதான். மாதக் கடைசியில் நான்தான் அறிக்கை தயாரிப்பேன். சைக்கிள் திருட்டு ஒன்று, குடித்துவிட்டு வாய்த்தகராறு இரண்டு, பூந்தொட்டி உடைப்பு ஒன்று. சில மாதம் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். ராத்திரி பதினொரு மணிக்குமேல் பூனையும் நரியும்தான் நடமாடும். இப்படி ஒரு ஊரில் தாரிணியை வளர்த்தால் எப்படி இருக்கும் என்று நானே பலமுறை ஆசைப்பட்டிருக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் அஃப்னா. காயல்பட்டினத்துப் பெண், வேறொரு ஊரின் கேமராக்கள் அவளுக்கு. எங்கள் இருவருக்கும் மேலே சூப்பர்வைசர் கௌரிசங்கர். கோயம்புத்தூர்க்காரர், அதிர்ந்து பேச மாட்டார். எல்லோருடைய திரையையும் ரவுண்டு வந்து பார்ப்பார். என்னுடையதை மட்டும் தூரத்தில் நின்று, எல்லாம் சரியா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஜனவரி 18. ஆஷ்மியரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே நேரம் 3:12. ஏழாவது கேமராவில் அசைவு என்று மணி அடித்தது. அது கடைத்தெரு முனையில் உள்ள பஸ் ஸ்டாப். மேலே கூரை, உள்ளே ஒரு பெஞ்ச்.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி பஸ் 10:50க்கு. அடுத்தது காலை 6:05க்கு. மைனஸ் ஐந்து டிகிரி குளிரில் இந்த நேரத்தில் இவள் எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்தேன். நீல நிறக் கோட்டு. மடியில் ஒரு பை. தலை குனிந்திருந்தது.

எங்கிருந்து வந்தாள் என்று பார்க்க முந்தைய பதிவைத் திருப்பினேன். அந்த பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பக்கம் ஆறாவது கேமரா, மறுபக்கம் எட்டாவது. இரண்டிலும் யாரும் நடந்து வரவில்லை. பனியில் காலடித் தடமும் இல்லை. 3:11க்கு பெஞ்ச் காலி. 3:12க்கு அவள் இருந்தாள்.

3:31க்கு மறுபடி காலி.

கேமராக் கோளாறாக இருக்கும் என்று எழுதி வைத்தேன். அஃப்னாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜனவரி 19. அதே 3:12. அதே மணி.

இந்தமுறை கேமராவை நெருக்கிப் பார்த்தேன். காற்றில் பனி உள்ளே வீசி அவள் மடியில், பையில், கைவிரல்களில் படிந்திருந்தது. அவள் தட்டிவிடவில்லை. அந்தக் குளிரில் யார் மூச்சு விட்டாலும் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வரும். நாய்க்குக்கூட வரும்.

அவளுக்கு வரவில்லை.

யாரோ உயிருக்குப் போராடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக, அப்போது எனக்குப் பேய் நினைப்பு இல்லை. ஆஷ்மியர் போலீசை அழைத்தேன். 3:24க்கு வண்டி வந்தது. ஒரே ஒரு போலீஸ்காரர் இறங்கினார். டார்ச் அடித்தார். பெஞ்சின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வெளிச்சம் போனது. அவள்மேலும் பட்டது. அவர் நிற்கவில்லை. கூரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு போனில் என்னிடம், இங்கே யாருமில்லை என்றார். பெஞ்சில் இருக்கிறாள், உங்களுக்கு எதிரேதான் என்றேன். பெஞ்ச் காலி மேடம் என்றார்.

குறிப்பு எழுத நோட்டை எடுத்தார். எழுதுவதற்காக உட்கார்ந்தார்.

அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

திரையில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவருடைய மஞ்சள் மேல்சட்டைக்குள் அவளுடைய நீலக் கோட்டு. அவர் தோளுக்குள் அவள் தோள். குனிந்த தலை மட்டும் அவர் நெஞ்சிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது...

சட்டென்று அவர் எழுந்துவிட்டார். நோட்டு கீழே விழுந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டே வண்டிக்கு ஓடாத குறையாகப் போனார். நோட்டை எடுக்கவில்லை.

நான் கௌரிசங்கரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல தூரத்திலேயே நின்றார். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் இருக்கிறாள், போலீஸ் கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன். வீண் அழைப்பு போனால் கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"நீலக் கோட்டா?" என்றார்.

நான் கோட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டார்.

ஜனவரி 20 டியூட்டிக்குக் கிளம்பும்போது வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சிவசங்கரன் போகாதே என்றார். போனேன். அஃப்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தக் கேமராக் கம்பத்தில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. கலாட்டா செய்கிறவர்களை இங்கிருந்தே எச்சரிக்க வசதி. நாம் பேசுவது அங்கே கேட்கும். அங்கே பேசுவது நமக்குக் கேட்காது. கம்பத்தில் மைக்கே கிடையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஏழு மணியைத் தாண்டிவிட்டது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

3:10.

3:11.

அஃப்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

3:12. மணி அடிக்கவில்லை. ஆனால் அவள் இருந்தாள்.

நான் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன். உங்களுக்கு உதவி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

தலை நிமிர்ந்தது.

மெதுவாக... கழுத்து உறைந்துபோயிருந்ததைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக.

நம் ஊர் முகம். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். உதட்டில் பனி. இமையில் பனி. கண்கள் நேராகக் கேமராவைப் பார்த்தன. இல்லை, என்னைப் பார்த்தன.

திரை ஒருமுறை வெட்டியது.

பெஞ்ச் காலி.

அவள் கம்பத்தின் அடியில் நின்றாள். அண்ணாந்து பார்த்தபடி.

இன்னொரு வெட்டு.

திரை முழுக்க முகம். அந்தக் கேமரா பதினைந்து அடி உயரத்தில் இருக்கிறது.

உதடு அசைந்தது.

என் ஹெட்போனில்... கர்ர்ர் என்று ஒரு சத்தம்.

பிறகு, பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

பிறகு...

"அக்கா... பஸ் போயிடுச்சா?"

தமிழ்.

நான் பேசியது ஆங்கிலம்.

"யாராவது சொல்லுங்களேன்க்கா..."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். நாற்காலி சாய்ந்தது. பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. படியிறங்கி, வாசலைத் தாண்டி, வெயிலில் போய் நின்றேன். பின்னாலேயே ஓடிவந்த அஃப்னா என் கையைப் பிடித்தவள் உடனே விட்டுவிட்டாள். என் பத்து விரல்களும் வெளுத்து, நகம் நீலமாக இருந்தது. நல்ல வெயிலில் அரைமணி நேரம் நின்ற பிறகுதான் மடக்க முடிந்தது.

இரண்டு நாள் கழித்து கௌரிசங்கர் கராமாவுக்கு வீட்டுக்கே வந்தார். டீ கொடுத்தேன். குடிக்கவில்லை. சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால் ஆஷ்மியர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அவர்தான்.

அவள் பெயர் ஹர்ஷினி. கரூர்ப் பக்கம். முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இங்கிலாந்து போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. வேலை முடித்து பக்கத்து ஊருக்குப் போகக் கடைசி பஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தாள். பனியால் அந்த பஸ்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போன் அணைந்துவிட்டது. அந்த நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அங்கேயே இருந்திருக்கிறாள். காலையில் முதல் பஸ்ஸின் டிரைவர்தான் பார்த்தார். குளிரில் விறைத்து, மூன்று மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார்களாம்.

"நான் பார்த்தேனுங்க" என்றார் கௌரிசங்கர். "மூணு தடவை மணி அடிச்சுது. குடிச்சுட்டுத் தூங்குதுன்னு நினைச்சேன். குற்றம் நடந்தாத்தான் போலீசைக் கூப்பிடணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. யாரும் அவளை அடிக்கல, எதையும் திருடல. நான் என்னன்னு எழுதுவேன்?"

என்ன எழுதினார் என்பதை நானே பழைய பதிவில் பார்த்தேன். 11:20, காத்திருக்கும் பெண், குற்றமில்லை. 1:05, தூங்குகிறாள், குற்றமில்லை. 3:12, அசைவில்லை, குற்றமில்லை. அந்த மாத அறிக்கையையும் தேடி எடுத்தேன். எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்.

கௌரிசங்கர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். குற்றம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது ராத்திரிக் கண்காணிப்பு எதற்கு என்று மார்ச்சோடு ஆஷ்மியர் நகர மன்றமும் எங்களை நிறுத்திவிட்டது. ஏப்ரலில் அந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார்கள். எனக்குக் கிடங்குகளின் கேமராக்களைக் கொடுத்தார்கள். மதியம் மூன்றிலிருந்து இரவு பதினொன்று வரை டியூட்டி. காலையில் எட்டு மணிவரை தூங்க முடிந்தது. தாரிணியைப் பள்ளிக்குக் கிளப்புவது சிவசங்கரன் பொறுப்பு. மெல்ல மெல்ல மறந்துகொண்டிருந்தேன்.

டிசம்பரில் அஃப்னா ஒரு மெயிலைக் காட்டினாள். ஆஷ்மியர் நகர மன்றம் அனுப்பியது. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்வீட்டில் இருப்பவர் புகார் கொடுத்திருந்தார். நவம்பரிலிருந்து தினமும் விடியற்காலை மூன்று மணிக்குமேல் கம்பத்திலிருந்து இரண்டு பெண்கள் புரியாத மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். சண்டையில்லை, சத்தமுமில்லை, ஆனால் தூங்க முடியவில்லையாம். ஸ்பீக்கரையே கழற்றிவிட்டோம், உங்கள் பக்கம் ஏதாவது இணைப்பு மிச்சமிருக்கிறதா என்று மன்றம் கேட்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் போனில் பதிந்த ஒலியையும் மெயிலோடு இணைத்திருந்தார்கள்.

அஃப்னா அதை முழுதாகக் கேட்கவில்லை. எனக்கு அனுப்பிவிட்டாள். நான் வீட்டுக்கு வந்து, சிவசங்கரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன்.

முதலில் காற்று. பிறகு பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"அக்கா, பஸ் போயிடுச்சா?"

பிறகு இன்னொரு குரல். அவசரமே இல்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"இன்னும் வரலம்மா. நான் இருக்கேன். தூங்கிடாத. கையைத் தேய்ச்சுக்கோ... உங்க அம்மா பேரு என்னன்னு சொல்லு பாப்போம்."

அது என் குரல்.

நான் சிவசங்கரனைப் பார்த்தேன். அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"இதை எங்க பதிஞ்சாங்க?" என்றார்.

"ஏன்?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து காலைல ஏழு மணிக்கு மேல தூக்கத்துல இதைத்தான் பேசிக்கிட்டிருக்க, கலா. தாரிணிக்குத் தலை வாரும்போது தினமும் காதுல விழும். நீ கனவு காணுறன்னு நினைச்சேன்."

டாக்டரிடம் போனோம். தூக்கத்தில் பேசாமல் ஆழ்ந்து உறங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது அங்கே நல்ல குளிர்காலம்.

அட்டையிலிருந்து இன்னும் ஒரு மாத்திரையைக்கூட நான் பிரிக்கவில்லை.