குழல்வாய்மொழி போட்ட சைபர்

குழல்வாய்மொழிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல். பொய் சொல்லிப் பழகியவன் சொன்ன கையோடு டீ குடிக்கப் போய்விடுவான். இவளைப் போன்றவர்கள் ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் ஊரெல்லாம் சுமந்துகொண்டு திரிவார்கள்.

நாங்கள் இருவரும் செங்கோட்டைப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிறோம். நான் மருந்து எடுத்துக் கொடுப்பவன். அவள் ஒப்பந்த ஊழியர். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குக் காதில் வில்லை மாட்டுவாள், தடுப்பூசி விவரம் எடுப்பாள். வயது நாற்பத்தொன்று. அவள் கணவர் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்து வேலையில் இறந்துபோனபோது, வடகரையில் பன்றிப் பண்ணை வைத்திருக்கும் எபனேசர்தான் பன்றி ஏற்றும் தன் வண்டியைக் கழுவி, பாய் விரித்து, உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த வண்டியிலா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களில் ஒருவன்கூட வேறு வண்டி கொண்டுவரவில்லை.

போன சித்திரையில் இந்த வரைபட வேலை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நிபா காய்ச்சல் என்று பேச்சு கிளம்பினால் இந்தப் பக்கமும் ஆட்கள் மாம்பழத்தைத் தொடமாட்டார்கள். பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றால் கிருமி பன்றிக்கு வரலாம், பன்றியிடமிருந்து ஆளுக்கு வரலாம். அதனால் வௌவால் எங்கே வருகிறது, பக்கத்தில் எந்தப் பண்ணை இருக்கிறது என்று அந்தந்த இடத்தில் நின்று செல்போனில் பதிய வேண்டும். ஆபத்தான இடம் சிவப்பாகும், மற்றது பச்சை. வளர்ப்பவர் சொல்வதை அப்படியே பதிய வேண்டும் என்பது உத்தரவு. ஒருமுறை அனுப்பிவிட்டால் திருத்த முடியாது.

இலஞ்சிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே ஆலமரத்து வௌவால்கள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். அவ்வளவு பெருமை. எத்தனை வௌவால் என்று இவள் கேட்டதும் ஒருவர் ஆயிரம் என்றார். அடுத்தவர் விடுவாரா, மூவாயிரம் என்றார். மூன்றாமவர் பத்தாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மரத்துக்கு ஏதோ விருது வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் பெயருக்கு ஒரு பன்றி கிடையாது. வரைபடத்தில் செக்கச்செவேல் என்று வந்துவிட்டது. இப்போது அந்த ஊர் ஆட்டை வாங்க ஆள் இல்லை. எல்லாருமாகச் சேர்ந்து இவளைத் திட்டுகிறார்கள்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். எபனேசர் விஷயம்தான் அவளைப் போட்டு அரித்தது. அவர் கொட்டகைக்கு மேலே இரண்டு பெரிய மாமரங்கள். கீழே நாற்பது வெள்ளைப் பன்றிகள். வௌவால் வருமா என்று கேட்டபோது வராது என்றார். அவள் காலடியில் பல் பதிந்த மாம்பழம் கிடந்தது, சப்பித் துப்பிய சக்கை கிடந்தது. அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். சிவப்பு விழுந்தால் புளியறைச் சோதனைச்சாவடியில் பன்றி வண்டியைத் திருப்பிவிடுவார்கள், பிழைப்பில் மண் விழும் என்பது இருவருக்கும் தெரியும். வௌவால் எண்ணிக்கை சைபர் என்று போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வரைபடம் வந்தது. வடகரையில் அந்த இடம் நல்ல பச்சை. புதுப் பன்றிப் பண்ணை வைக்க ஏற்ற இடம் எது என்று மேலே தேடியவர்கள் அதன்மேல் விரலை வைத்துவிட்டார்கள். எபனேசருக்கு அரசுத் திட்டத்தில் பெரிய கொட்டகை, இருநூறு குட்டிகள் என்று முடிவாயிற்று. மனிதர் அல்வாப் பொட்டலத்தோடு மருந்தகத்துக்கே வந்து, எல்லாம் தங்கச்சி கைராசி என்றார். நான் இரண்டு துண்டு தின்றேன். அவள் தொடவே இல்லை.

மறுநாள் காலையிலேயே வடகரைக்குப் போயிருக்கிறாள். எபனேசரின் மனைவி வெறுங்காலோடு கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாராம். தினமும் இரண்டு வேளை அந்த அம்மாள்தான் கழுவுகிறார். மரத்தை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் வலையாவது கட்டுங்கள் என்று இவள் கெஞ்சியிருக்கிறாள். எபனேசர் கோபப்படவில்லை.

"சைபர்னு நீதான தங்கச்சி போட்ட? வராத வவ்வாலுக்கு மரத்த எதுக்கு வெட்டணும்?" என்று கேட்டாராம்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது போன வெள்ளிக்கிழமை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நன்றிக்கடனைத் தீர்க்க நாட்டில் வேறு வழியா இல்லை, இப்போதே போய் நம் மருந்தக டாக்டரிடம் உள்ளதைச் சொல் என்று சத்தம் போட்டேன். தன் வேலை போவது பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சொன்னா அண்ணன் பொழப்பு போச்சு. சொல்லாட்டா கொட்டகை கழுவுத மதினி உசுருக்கு ஆரு பொறுப்பு? என்னைய என்ன செய்யச் சொல்லுதீய, அண்ணாச்சி?"

நான் மறுபடியும் திட்டினேன்.

திங்கட்கிழமை டாக்டரே அவளைக் கூப்பிட்டுவிட்டார். நேரில் பார்த்தேன், வௌவால் நடமாட்டம் இல்லை என்று கள ஊழியர் கையெழுத்துப் போட்டால்தான் குட்டிகளை இறக்க முடியுமாம். சொல்லத்தான் போகிறேன் என்று என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் மருந்து அலமாரியில் அடுக்கிய புட்டிகளையே மறுபடி அடுக்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டாள்.

"மதினிக்கு ஒரு சோடி பூட்ஸும் கையுறையும் கேட்டேன், அண்ணாச்சி. தாறேன்னுட்டாரு."

"வேற?"

"கையெழுத்து போட்டுட்டேன்."

குட்டிகள் புதன்கிழமை வருகின்றன. டாக்டர் அறை திறந்துதான் இருக்கிறது. நானும் இன்னும் உள்ளே போகவில்லை.