பின்சக்கரம் மாறிய ஆயுத பூஜை

கியர் சைக்கிளை ரிப்பேருக்குக் கொண்டுவருகிற யாரும் "நான்தான் கழற்றினேன்" என்று சொல்வதில்லை. "அதுவா ஆயிருச்சு பாய்" என்றுதான் சொல்வார்கள். சிம்மக்கல்லில் என் கடைக்கு வருகிற அத்தனை பேரும் இந்த ரகம்தான். ஆயுத பூஜை முடிந்த வாரம் கேட்கவே வேண்டாம். ஊரே சைக்கிளைக் கழுவுகிறேன் என்று கழற்றத் தெரிந்ததையெல்லாம் கழற்றி, மாட்டத் தெரியாமல் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். வீட்டில் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

சந்தனக் காப்பு

வசந்தி ஆனையூர்க்காரர். பசுமலையில் நர்ஸ் வேலை. நாற்பது வயதுக்கு மேல், முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு கியர் சைக்கிள் பழகியவர். கூட வேலை பார்க்கும் பெண்களோடு அந்த ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் வரை போவதாக இருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி வந்தார். கியரை மாற்றினால் செயின் கடகடவென்று சத்தம் போடுகிறதாம், நினைத்த பல்லில் உட்காரவே மாட்டேன் என்கிறதாம்.

குனிந்து பார்த்தால் பின்சக்கரத்துப் பற்களுக்கு நடுவில் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. இவ்வளவுதானா என்ற மிதப்பில் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி மிதித்துக் காட்டினேன். அதே கடகட. வசந்தி சொன்னார்: "விடுங்க பாய், சைக்கிள் மேல தப்பில்ல. எனக்குத்தான் இது வரல. அவங்கள்லாம் போகட்டும், நான் போகல."

மெஹர் எண்ணிய பற்கள்

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆசைப்பட்டுப் பழகிய ஒருத்தி இப்படி விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. கியர் ஒயரைக் கொஞ்சம் இறுக்கினேன். பெரிய பல்லில் செயின் அழகாக ஏறியது, சின்னப் பல் பக்கம் தடுமாறியது. தளர்த்தினேன். சின்னப் பல் சரியானது, பெரிய பல் முரண்டு பிடித்தது. அரை மணி நேரம் திருகியதில் எனக்குத்தான் வியர்த்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி மெஹர் எழுந்து வந்தாள். பின்சக்கரத்துப் பற்சக்கரங்களை விரல் வைத்து எண்ணினாள், எட்டு. கைப்பிடியில் கியர் எண்களை எண்ணினாள், ஏழு. ஏழு கியர் வண்டிக்கு எட்டு கியர் சக்கரம்! பற்களின் இடைவெளியே வேறு, ஒயரை எப்படித் திருகினாலும் ஒத்துவராது. மெஹர் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சக்கரம் ஒரு ஊரு, கைப்பிடி ஒரு ஊரு. நீங்க நடுவுல ஒயரைத் திருகி என்னங்க செய்யப் போறீங்க?"

பாண்டியின் பாசம்

"வீட்டுல வேற சைக்கிள் இருக்கா?" என்று கேட்டேன். புருஷனுடையது இருக்கிறது என்றார் வசந்தி. போன் போட்டு வரச் சொன்னோம். எலக்ட்ரீஷியன் பாண்டி தன் எட்டு கியர் சைக்கிளில் ஹாயாக வந்து இறங்கினார். அந்த வண்டியின் பின்சக்கரத்தில் ஏழு பற்சக்கரங்கள். நான் அதைக் காட்டியதும் மனுஷன் நெளிந்தார். ஆயுத பூஜைக்குக் கழுவும்போது, தன் வண்டிக்குப் புதிதாகப் போட்டிருந்த பின்சக்கரத்தைக் கழற்றி மனைவியின் வண்டியில் மாட்டியிருக்கிறார். அழகர்கோவில் போகிறவளுக்கு ஓட்டம் சுகமாக இருக்கட்டுமே என்று. பிறகு வசந்தி தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நொந்துகொண்டதைப் பார்த்ததும், சக்கரத்தை மாற்றியதைச் சொல்லப் பாண்டிக்குப் பயம். "உங்க வண்டியிலயும் கியர் மக்கர் பண்ணியிருக்குமே?" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும் பாய்? வாங்குனதுலருந்து நான் கியரையே தொட்டதில்ல."

பாண்டிக்கு இன்றைக்குப் பூஜைதான் என்று காத்திருந்தேன். வசந்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண் கலங்க, வாயெல்லாம் சிரிப்பாக என்னைக் கேட்டார்: "அப்ப எனக்குக் கியர் போடத் தெரியும்ல, பாய்?"

அழகர்கோவில் ரோடு

சக்கரங்களை அதனதன் வண்டியில் மாட்டினேன். ஒயரைச் சரிபார்த்ததும் செயின் சத்தமே இல்லாமல் பல்லுக்குப் பல் தாவியது. வசந்தி வைகைப் பாலம் வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பெல் அடித்த அடியில் பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். எனக்கு ஏதோ நானே அழகர்கோவில் போகிற மாதிரி சந்தோஷம்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். துணைக்குப் போன பாண்டி நொண்டிக்கொண்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதுதான் தாமதம், வசந்தி பொரிந்து தள்ளிவிட்டார்: "ஏத்தத்துல இவரக் காணோமேன்னு திரும்பிப் பார்த்தா, சைக்கிளத் தள்ளிக்கிட்டு வாராரு பாய். 'கியரக் கொறைங்க மாமா, கியரக் கொறைங்க'ன்னு அம்புட்டுப் பேரு முன்னாடியும் கத்துறேன். யாரு? நான்!"

ஆகவே சக மெக்கானிக்குகளே, கியர் விழாத சைக்கிள் வந்தால் ஒயரில் கை வைப்பதற்கு முன்னால், வீட்டில் பாசக்காரப் புருஷன் யாராவது இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.